அரிப்பு என்று சொல்ல முடியாமல்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசி மருந்துக் கடைகளில் தடுமத்துக்கான மாத்திரை விற்பனை கூடும். கூடவே இன்னொரு மருந்தும் போகும். அதை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. கடை முன் நிற்கும் பெண், தனக்குப் பின்னால் வந்த ஆளைக் காட்டி, ‘அவுகளுக்கு மொதல்ல குடுங்க’ என்று ஒதுங்குவாள். ஆள் நகர்ந்ததும் கைப்பேசியை நீட்டுவாள். திரையில் பழைய மாத்திரை அட்டையின் படம் இருக்கும். கடைக்காரரும் எதுவும் கேட்கமாட்டார். பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரையை எடுத்து, நாளிதழ்த் தாளில் நாலாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுத் தருவார். (இந்தப் பக்கமேகூட நாளை அந்த வேலைக்குப் போகலாம். போகட்டும், பிரிக்கும்போதாவது நாலு வரி கண்ணில் படும்.)

பொட்டலத்துக்குள் இருப்பது இத்தனை ஒளிவுமறைவுக்குத் தகுதியான சங்கதியே இல்லை. கேண்டிடா என்பது ஒரு பூஞ்சை. ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்ட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. பல பெண்களின் உடம்பில் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் அது குடியிருக்கிறது. கூடவே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து அதை அடக்கி வைக்கின்றன. ஆன்டிபயாடிக் மாத்திரை, கர்ப்பம், கட்டுக்கு அடங்காத சர்க்கரை என்று ஏதாவது ஒன்று இந்தக் கணக்கைக் கலைத்தால் பூஞ்சை பெருகுகிறது. அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் போல வெள்ளை. நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரும். கல்யாணமே ஆகாதவர்களுக்கும் வரும், கன்னியாஸ்திரிக்கும் வரும். பிறந்த குழந்தையின் நாக்கில் மாவு பூசினாற்போலப் படிவதும் இதே பூஞ்சைதான். பால்வினை நோய்ப் பட்டியலில் மருத்துவம் இதைச் சேர்ப்பதில்லை.

பிறகு ஏன் அந்தப் பெண் ஒதுங்கி நிற்கிறாள்? நோயின் முதல் அறிகுறி அரிப்பு. தமிழில் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்லவே கூடாத வார்த்தையும் அதுதான். குழாயடிச் சண்டையில் ‘அரிப்பெடுத்தவ’ என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அது எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியும். வசவாகவே கேட்டு வளர்ந்த சொல்லை டாக்டர் முன் உட்கார்ந்து எப்படி எடுத்துச் சொல்வாள்? ‘ஒரு மாதிரி இருக்கு டாக்டர்’ என்பாள். ‘சூடு பிடிச்ச மாதிரி.’ ‘அங்க எரியுது.’ அந்த ‘அங்க’ எங்கே என்பதையும் டாக்டரே யூகித்துக்கொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழே, தொடைக்கு மேலே உள்ள பகுதிக்குப் பாடநூலில் ‘பிறப்புறுப்பு’ என்று ஒரு பெயர் இருக்கிறது, கெட்ட வார்த்தையில் ஒரு பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாதாரண மனுஷி வாய்விட்டுச் சொல்ல ஒரு சொல் இல்லை. ‘வெள்ளை படுது’ என்பது மட்டும் கொஞ்சம் புழங்கும். அதற்கும் குற்றாலம் கடைவீதியில் லேகியம் தயாராக இருக்கிறது. பூஞ்சை வெள்ளைக்கும் பாக்டீரியா வெள்ளைக்கும் மாதவிலக்குச் சுழற்சியில் இயல்பாக வரும் வெள்ளைக்கும் ஒரே டப்பா.

எங்கள் பக்கத்துக்கென்று சில காரணங்களும் உண்டு. ஈரமும் வெக்கையும் பூஞ்சைக்கு ஒத்துப்போகிறவை. ஐந்தருவியில் நைட்டியோடு குளித்துவிட்டு, உடை மாற்ற ஒழுங்கான மறைவு கிடைக்காமல், ஈரத்துணியோடே வேனில் ஏறி ஊர்போய்ச் சேரும் பெண்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். அருவித் தண்ணீரைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பின்னான மூன்று மணி நேரத்தைத்தான் சொல்கிறேன். ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சம்மணமிட்டு பீடி சுற்றும் பெண்களின் கதை வேறு. அந்த வெக்கையில் உள்ளாடை உலர்வதே இல்லை. இவற்றோடு சர்க்கரை. டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. 2020இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலை சரிந்தபின் நடுத்தரக் குடும்பத்து மாத்திரை டப்பாக்களிலும் அது வந்துவிட்டது. சர்க்கரைக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதன் பக்கவிளைவுகளில் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றும் ஒன்று. எழுதிக் கொடுக்கும்போது அதைச் சொல்லி அனுப்புகிற டாக்டர் எத்தனை பேர்?

இருபது வருஷத்துக்கு முன், எனக்கு 27 வயதிருக்கும்போது, ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். பெண் டாக்டர் என்று தேடித்தான் போனேன். முக்கால் வாசி மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ‘கல்யாணம் ஆயிட்டாம்மா?’

‘இல்ல டாக்டர்.’

பேனா மூடியைத் திருகிக்கொண்டே, ‘அப்ப ஒண்ணும் இருக்காது, உடம்புச் சூடுதான்’ என்றார். பரிசோதனை மேஜை இரண்டடி தூரத்தில் இருந்தது. அதில் படுக்கச் சொல்லவில்லை. ஒரு களிம்பு எழுதினார். தடவிய நாலாம் நாள் அரிப்பு நின்றது. இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகத் திரும்பியது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அது என்பதும், அது அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும் என்பதும் எட்டு மாதம் கழித்து, வேறு ஊரில், ரத்தத்தில் சர்க்கரை பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த எட்டு மாதமும் எனக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது. எங்கள் தெருவில் என் வயதுக்காரி, இரண்டு பிள்ளைக்குத் தாய், அதே தொந்தரவோடு அதே கிளினிக்குக்குப் போய்வந்தாள். அவளுக்கு உள்ளே பார்த்து, மருந்து வைத்து அனுப்பினார்கள்.

‘கல்யாணம் ஆயிட்டா?’ என்பது எங்கள் ஊரில் மூன்று கேள்விகளுக்கு ஆகுபெயர். உடலுறவு உண்டா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, உள்ளே கருவி வைத்துச் சோதிக்கலாமா. மூன்றும் மருத்துவருக்குத் தேவையானவைதான். ஆனால் தாலியைக் கேட்டால் மூன்றுக்கும் விடை வந்துவிடும் என்று நினைப்பது மருத்துவமாகாது. கல்யாணமாகாத பெண்ணுக்கும் கருக்கலைப்பில் 24 வாரம் வரையான உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. சட்டம் தாலியைப் பார்ப்பதை விட்டுவிட்டது. ஓ.பி. சீட்டு இன்னும் விடவில்லை.

இந்தக் கேள்வி யாரை அதிகம் தடுக்கி விழவைக்கிறது என்று பார்த்தால், பெண்ணோடு வாழும் பெண்ணைத்தான். ‘உடலுறவு உண்டா’ என்று நேராகவே கேட்டால்கூட அவள் ‘இல்லை’ என்பாள். பொய் சொல்லவில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்குள் ஆண் ஒருவன் இருக்கிறான். ‘தொடர்பு’ என்றால் அதற்கு முன்னால் ‘கள்ள’ கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘வீட்டுக்காரவுக எங்க இருக்காவ, வெளிநாடா?’ என்பது கடையநல்லூர் பக்கம் வழக்கமான கேள்வி, அதற்கு அவளிடம் விடையே கிடையாது. இருபாலீர்ப்புள்ள பெண்ணுக்கோ நேர்மாறான சிக்கல். கழுத்தில் தாலி இருக்கிறது, புருஷன் இருக்கிறான், எல்லாக் கேள்விக்கும் ‘ஆமா’ என்று விடை வந்துவிடுகிறது. அவள் வாழ்வில் ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்பது எந்தச் சீட்டிலும் ஏறாது. அடிக்கடி தொற்று வந்தால் அவள் தனக்குள்ளேயே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்வாள்: இதனால்தான் வந்தது, செய்ததற்குக் கிடைத்தது. பூஞ்சைக்குப் பாவபுண்ணியம் தெரியாது என்று அவளிடம் சொல்ல ஆளில்லை.

குற்றாலத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து அறை எடுத்தால் லாட்ஜில் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். பேரருவியின் பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு நின்றாலும், ‘பாவம், தண்ணி அடிக்கி, பயப்படுதா’ என்றுதான் நினைப்பார்கள். ஒரு ஆணும் பெண்ணும் அப்படிச் செய்துவிட முடியாது. சமூகம் இவர்களைப் பார்க்காமல் இருப்பதே இவர்களுக்கு ஒரு குடை. அந்தக் குடையின் கீழ் பத்து வருஷமாக ஒரே வீட்டில் வாழ்கிற இருவரை எனக்குத் தெரியும். வீட்டுக்காரம்மாவுக்கு அவர்கள் ‘அக்கா தங்கச்சி மாதிரி’. ஆனால் டாக்டர் அறைக்குள் போனதும் அந்தக் குடை ஒழுக ஆரம்பிக்கும்.

அவர்களில் ஒருத்திக்கு வெள்ளை பட்டது. கடையில் கைப்பேசிப் படத்தைக் காட்டி மருந்து வாங்கி வைத்தாள். சரியானது போலிருந்தது, மற்றவளுக்கு வந்தது. அவளும் அதையே வைத்தாள். ஆறேழு மாதம் இப்படியே மாறி மாறி ஓடியது. அரிப்பு பெரிதாக இல்லை, மீன் கவிச்சி வாடைதான் தாங்கவில்லை என்று என்னிடம் அவள் சொன்னபோதுதான் எனக்கே பொறி தட்டியது. ஈஸ்ட் தொற்றில் பெரும்பாலும் வாடை இருக்காது. கவிச்சி வாடை பாக்டீரியல் வஜைனோசிஸ் எனப்படும் வேறொன்றின் அடையாளம். அங்கே லாக்டோபேசில்லஸ் குறைந்து, அமிலத்தன்மை இறங்கி, வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிடும். அதற்குப் பூஞ்சை மருந்து வைப்பது காய்ச்சலுக்குக் கண்சொட்டு மருந்து விடுவது மாதிரி. இவர்கள் மட்டுமல்ல, எல்லோரும் செய்யும் தவறுதான் இது. தனக்கு ஈஸ்ட் தொற்று என்று தானே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய அமெரிக்கப் பெண்களைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. மூவரில் ஒருவருக்குத்தான் அது மட்டும் இருந்தது.

வித்தியாசம் காண ஒரு கண்ணாடிச் சில்லும், பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டும், நுண்ணோக்கியும் போதும். அமிலத்தன்மை பார்க்கும் காகிதப் பட்டை அதையும்விட எளிது. pH எண் 4.5க்கு மேலே காட்டினால் வெறும் பூஞ்சையாக இருக்க வாய்ப்புக் குறைவு. பூஞ்சை என்று உறுதியானால் ஃபுளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை. கர்ப்பிணிகள் அதை விழுங்கக் கூடாது, வெளிப்பூச்சும் உள்ளே வைக்கும் குளோட்ரிமசோலும்தான். வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் திரும்பி வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும், எந்த வகைப் பூஞ்சை என்று வளர்த்தும் பார்க்க வேண்டும். வாசனைத் திரவங்களை ஊற்றி உள்ளே கழுவுவது, தொலைக்காட்சி விளம்பரம் என்ன சொன்னாலும், இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் கழுவிவிடும். அடிவயிற்றில் வலியோ காய்ச்சலோ சேர்ந்துகொண்டால் கடைக்காரரை விட்டுவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு என்னென்ன தொற்றும்? ‘ஒன்றும் தொற்றாது’ என்பதுதான் பரவலான நம்பிக்கை, மருத்துவர்களிடமும் உண்டு. கர்ப்ப பயம் இல்லையென்றால் வேறு பயமும் தேவையில்லை என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன வஜைனோசிஸ், பெண்களோடு உறவுள்ள பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஜோடியில் ஒருத்திக்கு இருந்தால் மற்றவளுக்கும் இருப்பது சகஜம். டிரைக்கோமோனாஸ், ஹெர்ப்பிஸ், சிபிலிஸ் ஆகியவையும் கடக்கும். எச்.ஐ.வி. கடப்பது மிக அபூர்வம், ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அப்படி ஒன்று நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று 2014இல் பதிவாகியிருக்கிறது. விரலில் ஒட்டிய ஈரமோ, இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் பொருளோ போதும். கை கழுவுவது, நகம் வெட்டுவது, பொருளைக் கழுவாமல் ஆள் மாற்றாமல் இருப்பது, அதன்மேல் ஆணுறையை மாட்டிக்கொள்வது, ஒருத்திக்குத் தொந்தரவு இருக்கும் நாள்களில் கொஞ்சம் பொறுத்திருப்பது. பாதுகாப்பு என்றால் இவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் என்னைக் கவலைப்படுத்துவது எச்.பி.வி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸ். அதுவும் பெண்ணிடமிருந்து பெண்ணுக்குக் கடக்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை இலவசம். கல்யாணம் ஆகாதவள் அந்த வரிசையில் போய் நின்றால், ‘உனக்கு எதுக்கு?’ என்ற கேள்வி வருகிறது. நான் போய் நின்று கேட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியதாக அறிவித்தது. மெச்சத்தக்க காரியம். அந்தக் குழந்தைகளின் அத்தைமாரும் சித்திமாரும் வரிசையில் நிற்கவாவது விடவேண்டாமா?

மருத்துவர்கள் இந்தப் பாராமுகத்தை எங்கிருந்து கற்றார்கள் என்று கேட்டால் பாடப்புத்தகத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடிவந்து, பெற்றோர் கொடுத்த புகாரின் பேரில் போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்று கேட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவு பிறப்பித்தார். தனக்கே இந்த விஷயத்தில் முன்முடிவுகள் உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு எழுதிய உத்தரவு அது. ஒரு நீதிபதி அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் வாசித்ததில்லை. அந்த வழக்கின் தொடர்ச்சியில்தான் தடயவியல் மருத்துவப் பாடநூல்கள் பெண்ணுக்குப் பெண் மீதான ஈர்ப்பை விபரீதமாகவும் குற்றமாகவும் எழுதி வைத்திருப்பது வெளியே வந்தது. தேசிய மருத்துவ ஆணையம் திருத்தச் சொன்னது. 2022இல், தன்பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லி ‘சிகிச்சை’ என்ற பெயரில் நடக்கும் கொடுமையை மருத்துவர்களுக்கான நடத்தைக் கேடு என்றும் அறிவித்தது. சரி, விடிந்தது என்று நினைத்தால், 2024இல் அதே ஆணையம் வெளியிட்ட புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ‘இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்’ என்ற தலைப்பில் பெண் தன்பாலீர்ப்பு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் வெட்டிக் குறைத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்டனம் எழுந்ததும் செப்டம்பர் 5ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதை மெச்சுவதா, எழுதியவர் யார் என்று கேட்பதா?

அந்தப் பழைய பாடநூல்களை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்து தேறியவர்கள்தான் இன்று நம் ஊர்களில் நாற்பது, ஐம்பது வயது மருத்துவர்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் குறைவு. கற்பித்ததைக் கற்றார்கள்.

பால்வினை நோய்த் திட்டமும் இந்தப் பெண்களைக் கண்டுகொள்ளவில்லை, அதற்கு வேறு காரணம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கவனம் எச்.ஐ.வி. எங்கே வேகமாகப் பரவுமோ அங்கே இருக்கிறது. ஆண்களோடு உறவுள்ள ஆண்கள், பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள், திருநர்கள், ஊசி மூலம் போதை ஏற்றுவோர். பெண்களோடு உறவுள்ள பெண்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள், ஆகவே அவர்களுக்கென ஒரு துண்டுப் பிரசுரமும் வராது. ஆனால் இருக்கிற ஏற்பாடுகள் இவர்களுக்கும் பயன்படக் கூடியவையே. அரசு மருத்துவமனைகளில் உள்ள பால்வினை நோய் சிகிச்சைப் பிரிவுக்குத் தமிழ்நாட்டில் ‘சுகவாழ்வு மையம்’ என்று அழகான பெயர். எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த வண்ண மருந்து உறைகளில் பச்சை உறை வெள்ளைப்படுதலுக்கானது. செக்னிடசோலும் ஃபுளூகோனசோலும் சேர்ந்தே அதில் இருக்கும். நுண்ணோக்கி இல்லாத இடத்தில் இரண்டு சந்தேகத்துக்கும் ஒரே உறை. பெண்ணோடு வாழும் பெண்ணுக்கு வேறு நிறத்தில் உறை தேவையில்லை.

1990களில் லண்டனில் பெண்களை நேசிக்கும் பெண்களுக்கென்றே தனிப் பாலியல் நல கிளினிக்குகளைத் தொடங்கினார்கள். ஒன்றுக்குக் கவிஞர் ஆட்ரி லார்டின் பெயர். தென்காசியில் அப்படி ஒன்று திறந்தால் வாசலில் யார் ஏறுவார்கள் என்று பார்க்க எதிரே டீக்கடையில் கூட்டம் கூடும். எங்களுக்கு அது வேண்டாம். பலகை இல்லாமல், பெயர் சூட்டாமல், எல்லோரும் நுழைகிற வாசலிலேயே வேலை நடக்க வேண்டும். ‘நீங்கள் லெஸ்பியனா?’ என்று கேட்கிற டாக்டரும் எனக்கு வேண்டாம். அது கல்யாணக் கேள்விக்குச் சளைத்ததில்லை. தன்னை அந்தப் பெயரால் சொல்லிக்கொள்ளாமலே ஒரு பெண்ணோடு முப்பது வருஷம் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். டாக்டருக்குத் தேவை உடம்பில் நடந்தது. அடையாளம் அவரவர் சொந்தச் சொத்து. (இதை எழுதுகிற நான் யார் என்று இந்நேரம் நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். சொல்லப்போவதில்லை.)

கேட்க வேண்டியதைக் கேட்கத் தமிழில் வழி இல்லாமல் போகவில்லை. ‘நீங்க யாரோடயாவது நெருக்கமா இருக்கீங்களா? ஆம்பளையா, பொம்பளையா, ரெண்டுமா? எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான், மருந்து சரியாக் குடுக்கணும்ல.’ பதினைந்து வினாடி ஆகாது. எல்லாரிடமும் கேட்பது என்பதுதான் இதில் உயிர். ஒருத்தியை மட்டும் தனியாகக் கேட்டால் அது விசாரணை. இதை எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருந்து செய்ய வேண்டியதில்லை. சுகவாழ்வு மையத்து ஆற்றுப்படுத்துநருக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும், 104 எண்ணில் போனை எடுப்பவருக்கும் ஒரு பிற்பகல் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். 104க்கு முகம் காட்ட வேண்டியதில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 மே மாதம், பெண்ணை நேசித்ததற்காகப் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்த நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றே வழியில்லை என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் மாநில அரசு திருநர்களுக்கான கொள்கையை வெளியிட்டது. நான் பேசும் பெண்களுக்கானது இல்லை அது. நீதிமன்றத்தில் குடும்பமாகிவிட்டவர்கள் ஓ.பி. வரிசையில் இன்னும் ‘கூட வந்தவங்க’ தான்.

அக்கா தங்கச்சி மாதிரி என்றேனே, அந்த இருவரும் கடைசியில் ஓர் அரசு மையத்துக்குப் போனார்கள். நானும் போயிருந்தேன். ஒருத்தி உள்ளே போக, மற்றவள் இரண்டு கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆற்றுப்படுத்துநர் அம்மா, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, ‘தனியாவா வந்திய?’ என்று கேட்டிருக்கிறார். ‘இல்ல, பிரண்டு வெளிய இருக்காவ.’ அந்தம்மா எழுந்து வாசல்வரை வந்தார். பெஞ்சில் இருந்தவளை ஒரு தடவை பார்த்தார், மடியில் இருந்த இரண்டு பைகளையும் பார்த்தார். ‘நீயும் உள்ள வாம்மா. உனக்கும் இந்தத் தொந்தரவு உண்டுமா?’ என்றவர், ஸ்டூலில் அடுக்கியிருந்த ரெஜிஸ்டர்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் தூசியைத் தட்டி, அதை முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.